அச்சமும் இளிவரலும்: திகில் திரைப்படங்களில் தவிப்பும் குருதிக்காட்சியும்

முன்னுரை

முதுகலை வகுப்பில் மெய்ப்பாட்டியல் பாடம் நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு நாள் மாணவர் ஒருவர் வினா ஒன்றை எழுப்பினார். திகில் திரைப்படங்களில் காண்போரை மிகுதியும் அஞ்சவைப்பது எது? என்ன நேருமோ என்று நெஞ்சைத் தவிக்கவைக்கும் அமைப்பா? வெட்டுண்ட உடலையும் பெருகும் குருதியையும் கண்முன் நிறுத்தும் காட்சியா? வகுப்பு இரு கூறாகப் பிரிந்து வாதிட்டது. பாடவேளை முடிந்தும் வாதம் முடியவில்லை.

அவ்வாதத்தில் ஒன்று நம் கருத்தை ஈர்த்தது. இரு திறத்தாரும் 'பயம்' என்னும் ஒரே சொல்லையே ஆண்டனர். ஆயின் அவர்கள் எடுத்துரைத்த பட்டறிவு ஒன்றாக இல்லை. ஒரு சாரார், படம் பார்த்து வந்த இரவில் விளக்கை அணைக்க மனம் வராமையைக் கூறினர். மற்றொரு சாரார், படம் ஓடும்போதே கண்ணை மூடிக்கொண்டமையையும் வயிறு புரட்டியமையையும் கூறினர். முன்னது படம் முடிந்த பின்னும் தொடர்ந்தது. பின்னது காட்சி மாறியவுடன் ஒழிந்தது. இரண்டையும் ஒரு பெயரால் வழங்கியமையே வாதம் முடியாமைக்குக் காரணம் என்று நமக்குத் தோன்றியது. அவ்விரண்டையும் வேறுபிரித்துக் கண்டு, பின்னர் அவை தம்முள் கொண்டுள்ள உறவை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வரையறை

ஆங்கிலத்தார் 'சஸ்பென்ஸ்' என வழங்கும் உணர்வை ஈண்டுத் 'தவிப்பு' என்று குறிப்போம். நேர இருப்பது தீங்கு என்பது ஓரளவு தெரிந்திருந்தும், எப்பொழுது, எவ்வாறு, யார்க்கு என்பது தெரியாத இடைநிலையில் உள்ளம் ஊசலாடுவதே தவிப்பு. உடலின் சிதைவை மறைப்பின்றிக் காட்டுவதைக் 'குருதிக்காட்சி' என்போம். இவ்விரண்டின் வேறாக மூன்றாவது ஒன்றும் உண்டு. எதிர்பாரா நேரத்தில் கேட்கும் பேரொலியாலோ தோன்றும் உருவத்தாலோ உடல் துள்ளுவதுதான் அது. அதனைத் 'திடுக்கீடு' எனலாம். திடுக்கீடு நொடிப்பொழுதில் தோன்றி நொடிப்பொழுதில் மறைவது. கதவு காற்றில் அறைந்தாலும் அது நிகழும். ஆதலின் அதனை அச்சத்தின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியே எண்ணியுள்ளார் என்பது இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாயாக அமையத் தக்கது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றும், இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றும் அவர் வகுக்கிறார். இவ்விரு பட்டியலையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். அச்சத்திற்கு நிலைக்களமாகக் கூறப்பட்ட நான்கும் நம்மை நோக்கி வரக்கூடிய ஆற்றல்கள். அணங்கு தாக்கலாம், விலங்கு பாயலாம், கள்வர் மறைந்திருக்கலாம், இறை ஒறுக்கலாம். நான்கிலும் தீங்கு இன்னும் நிகழவில்லை; நிகழக்கூடும் என்பதே அச்சம். இளிவரலின் நிலைக்களங்களோ ஓர் உடலிலோ வாழ்விலோ முன்னரே நேர்ந்துவிட்ட தாழ்வுகள். முன்னது எதிர்காலத்தை நோக்கியது. பின்னது நேர்ந்து முடிந்ததை நோக்கியது.

இளிவரல் என்பது அருவருப்பு ஒன்றையே குறிக்கும் சொல் அன்று. இழிவுணர்வு முழுவதையும் அது தழுவும். எனினும், வடநூலார் பயானகம், பீபற்சம் என இரண்டாகப் பிரித்தமையும், தண்டியலங்காரம் அச்சம், இழிப்பு என இரண்டாகக் கொண்டமையும் இப்பாகுபாட்டின் வன்மையைக் காட்டுவன. தொல்காப்பியர் எட்டனுக்குப் புறமாகத் தொகுத்த முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளுள் வியர்த்தலும் ஐயமும் நடுக்கமும் இடம்பெற்றுள்ளன. திரையரங்கில் தவிப்பவனை ஒருமுறை உற்றுநோக்கியவர் இம்மூன்றையும் அவன்பால் காண்பர்.

மேலைநாட்டார் கருத்து

மேலைநாட்டுத் திறனாய்விலும் இவ்வேறுபாடு பழமையானதே. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் 14ஆம் இயலில், அச்சமும் இரக்கமும் மேடைக்காட்சியாலும் விளையலாம், நிகழ்ச்சிகளின் கோப்பாலும் விளையலாம் என்று கூறிப் பின்னதையே சிறந்ததாகக் கொள்கிறார். கண்ணால் காணாது கதையைக் கேட்ட அளவிலேயே ஒருவன் நடுங்கவேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு முந்திய இயலில், நம்மைப் போன்ற ஒருவனுக்குத் தீங்கு நேரும்போதே அச்சம் பிறக்கும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அக்கருத்துப் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிப் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1826இல் வெளிவந்த கட்டுரை ஒன்று அச்சத்தை இருவகைப்படுத்துகிறது. ஒன்று உள்ளத்தை விரித்து அதன் ஆற்றல்களைத் தட்டி எழுப்புவது. மற்றொன்று உள்ளத்தைச் சுருக்கி உறையச்செய்வது. முன்னதற்குத் தெளிவின்மையே உயிர் என்பது அவர் கொள்கை. திரைப்படம் தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்கு முன்னரே இவ்வினாவிற்கு விடைதேடும் முயற்சி தொடங்கிவிட்டது என்று இதனால் அறிகிறோம்.

தவிப்பின் இயல்பு

தவிப்பு அறியாமையால் பிறப்பது என்று பலர் கருதுவர். அது முழுவதும் உண்மையன்று. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சு நாட்டு இயக்குநர் த்ரூபோவுடன் 1962இல் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது காண்போர்க்குத் தெரியாது. திடீரென அது வெடிக்கிறது. காண்போர்க்குக் கிட்டுவது சில நொடித் திடுக்கீடு மட்டுமே. அதே குண்டு இருப்பதும், அது வெடிக்கும் நேரமும் காண்போர்க்கு முன்னரே தெரிந்திருப்பின், அவ்விருவரின் வெற்றுப்பேச்சு முழுவதும் தவிப்பாக மாறிவிடும். ஆகவே தவிப்பிற்கு வேண்டுவது அறியாமை அன்று, அரைகுறை அறிவு. பாத்திரம் அறியாததைக் காண்போன் அறிந்திருக்க வேண்டும். ஆயின் அறிந்ததைச் சொல்ல வாய் இல்லாதவனாகவும் அவன் இருக்கவேண்டும்.

ஹிட்ச்காக் 1936இல் எடுத்த 'சபோட்டாஜ்' என்னும் படத்தில், தான் சுமப்பது வெடிகுண்டு என்று அறியாத சிறுவன் ஒருவன் நகர் முழுதும் வழியில் தடைப்பட்டுத் தடைப்பட்டுச் செல்கிறான். தமிழில் எஸ். பாலச்சந்தர் 1964இல் எடுத்த 'பொம்மை' என்னும் படத்திலும் குண்டு மறைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிச் செல்கிறது. இரண்டிலும் நெடுநேரம் ஒரு துளிக் குருதியும் இல்லை. எனினும் பொம்மையைத் தொடும் ஒவ்வொரு கையும் நம்மை நடுங்கவைக்கிறது.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இம்முறை புதியதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் கொலையுண்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கண்ணகி தேவந்திக்கு உரைத்த கனவும், கோவலன் மாடலனுக்கு உரைத்த கனவும், சிலம்பு விற்கப் புறப்பட்டவனை ஏறு எதிர்த்துப் பாய்ந்த தீநிமித்தமும் அக்கொலையை நெருங்கி நெருங்கி வருகின்றன. கொலை நிகழுமிடத்தில் இளங்கோவடிகள் நெடிது நிற்கவில்லை. களிமகன் ஒருவனின் வாள்வீச்சைச் சில அடிகளில் கூறி முடித்துவிடுகிறார். காத்திருப்பை நீட்டி, வெட்டைச் சுருக்கிய இவ்வமைப்பே அக்காதையைப் படிப்போர் நெஞ்சில் நிலைக்கச்செய்தது.

மறைத்தலின் ஆற்றல்

தவிப்பிற்குத் துணைசெய்யும் மற்றொரு முறை மறைத்தல். வால் லூட்டன் தயாரிப்பில் ழாக் டூர்னர் இயக்கி 1942இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். அதில் ஒரு பெண் இரவில் ஆளற்ற தெருவில் நடக்கிறாள். பின்னால் மற்றொருத்தியின் காலடியோசை கேட்கிறது. திடீரென அவ்வோசை நின்றுவிடுகிறது. தொடர்வது பெண்ணா விலங்கா என்பதை நாம் காண்பதில்லை. பின்னர்ச் சீறலோடு வந்து நிற்பது ஒரு பேருந்து மட்டுமே. பேருந்தின் சீறல் திடுக்கீடு. அதற்கு முன் நின்றுபோன காலடியோசையே அச்சம். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் வேற்றுமை நன்கு விளங்குகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1975இல் இயக்கிய 'ஜாஸ்' படத்திற்காக அமைக்கப்பட்ட இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதுற்றது. அதனால் சுறாவைக் காட்டாமலே அதன் வரவை உணர்த்தும் வழிகளை இயக்குநர் நாடவேண்டியதாயிற்று. நீரடியில் நகரும் கருவியின் பார்வை, நீர்மேல் இழுபட்டுச் செல்லும் மிதவை, ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரு சுரங்களின் மீள்வரவு ஆகியவை சுறாவிற்குப் பகரமாக நின்றன. படம் தொடங்கி ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே அவ்விலங்கு தெளிவாக வெளிப்படுகிறது. குறையாக வந்தது நிறைவாக முடிந்தது.

குருதிக்காட்சியின் எல்லை

இனி மறுபக்கத்தை நோக்குவோம். பாரிசு நகரில் 1897இல் தொடங்கப்பெற்ற கிராண்ட் கினோல் என்னும் அரங்கு, கொலையையும் உடற்சிதைவையும் மேடைமேல் மெய்போலக் காட்டிப் புகழ்பெற்றது, 1962இல் மூடப்பட்டது. மறு ஆண்டு, 1963இல், அமெரிக்காவில் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் இயக்கிய 'பிளட் பீஸ்ட்' வெளிவந்தது. குருதிக்காட்சியையே தன் முதற்பொருளாகக் கொண்ட படவகைக்கு அதனை முன்னோடி என்பர். இன்று அதனைக் காண்போர்பால் அச்சத்தினும் நகையே மிகுதியும் எழக் காண்கிறோம். வண்ணம் தீட்டிய குருதி நிறையவே உண்டு. யார்க்காக அஞ்சுவது என்னும் பொருள் மட்டும் அங்கில்லை.

குருதி நகைக்கும் நிலைக்களமாகும் என்பதற்குக் கலிங்கத்துப்பரணி சான்று பகரும். திரைப்படம் காட்டும் எதனினும் மிக்க குருதியும் நிணமும் அந்நூலின் களத்தில் உண்டு. ஆயினும் பேய்கள் கூழ் அடுவதையும், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என வகைவகையாய்ப் பந்தியில் இருந்து உண்பதையும் படிக்கும் நாம் அஞ்சுவதில்லை; நகைக்கிறோம், வியக்கிறோம். அங்கே உடல்கள் சமைக்கும் பொருள்களாக மாறிவிட்டன. எந்த உடலும் நமக்கு அறிமுகமான ஒருவனுடையது அன்று. செயங்கொண்டாரின் நோக்கமும் அச்சுறுத்தல் அன்று. அவர் அறிந்து செய்ததைச் சில இயக்குநர் அறியாது செய்துவிடுகின்றனர்.

உடலியலும் இவ்வேறுபாட்டிற்குத் துணைநிற்கிறது. அச்சத்தில் நாடி விரையும், தசைகள் இறுகும், உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும். குருதியையும் புண்ணையும் கண்டால் நடுங்கும் இயல்புடையாருட் பலர்க்கோ நாடி முதலில் உயர்ந்து பின்னர்த் தாழும், குருதியழுத்தம் குறையும், மயக்கம் வரும். உயரத்தையோ விலங்கையோ கண்டு அஞ்சுவோர்பால் இவ்வாறு மயங்கி வீழ்தல் அரிது. மெய்ப்பாட்டிற்கு உரைகண்டோர் சுவைப்பொருள், உணர்வு, குறிப்பு, விறல் எனப் பகுத்து, உடலில் தோன்றும் விறல்வரை ஆராய்ந்தனர். அவ்விறல் நிலையிலேயே இரண்டும் வேறாதல் காண்க.

'சைக்கோ' காட்டும் விடை

இதுகாறும் கூறியவற்றால் தவிப்பே வென்றது, குருதிக்காட்சி தோற்றது என்று முடிவுகட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆயின் 1960இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. ராபர்ட் பிளாக் 1959இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அப்படம்.

பணிபுரியுமிடத்தில் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் தப்பிச்செல்கிறாள் மரியன் என்பாள். வழியில் ஒரு விடுதியில் தங்குகிறாள். செய்தது தவறென்று உணர்ந்து, பணத்தைத் திருப்பித்தர எண்ணிக் குளியலறைக்குள் செல்கிறாள். அங்கே கொல்லப்படுகிறாள். படம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கதைத்தலைவி என்று நாம் கருதியவள் இறந்துவிட்டாள். ஒரு நிமிடத்திற்கும் குறைவான அக்கொலை 78 கருவிநிலைகளில் படமாக்கப்பட்டு 52 வெட்டுகளால் தொடுக்கப்பட்டது என்பர். கத்தி உடலில் இறங்குவதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை, காண்பதாக எண்ணுகிறோம். கருப்பு வெள்ளைப் படமாதலின் குருதிக்குச் சாக்லேட்டுப் பாகு போதுமானதாயிற்று. பெர்னார்டு ஹெர்மன் நரம்புக்கருவிகளை மட்டுமே கொண்டு அமைத்த இசை வெட்டின் கூர்மையைத் தந்தது.

இதன்பின் படத்தின் போக்கைக் கூர்ந்து நோக்குக. இரண்டாவது கொலை மாடிப்படியில் நிகழ்கிறது. துப்பறிவோன் ஒருவன் முகத்தில் ஒரே வெட்டு. காட்சி விரைந்து முடிகிறது. மூன்றாவதாக மரியனின் தங்கை அவ்வீட்டினுள் நுழைகிறாள். ஒவ்வோர் அறையாகத் திறக்கிறாள். இறுதியில் நிலவறைக்குள் இறங்குகிறாள். அவள்மீது ஒரு கீறலும் படுவதில்லை. ஆயினும் படம் முழுவதிலும் நாம் மிகுதியும் அஞ்சுவது அவ்விடத்திலேயே. குருதி குறையக் குறைய அச்சம் வளர்கிறது. இதனைத் தாம் திட்டமிட்டே செய்ததாக ஹிட்ச்காக் அவ்வுரையாடலிற் கூறியுள்ளார். முதற்கொலையின் கொடுமை காண்போர் நினைவில் தங்கிவிடுமாதலின், பின்னர்த் திரையில் கொடுமை காட்டத் தேவையில்லை என்பது அவர் விளக்கம்.

இவ்விளக்கம் நம் வினாவின் முடிச்சை அவிழ்க்கிறது. முதற்கொலை நிகழாதிருப்பின் தங்கை கதவைத் திறப்பது வெறும் கதவு திறப்பதே ஆகும். இக்கதைசொல்லி தீங்கைக் காட்டத் தயங்காதவன் என்று ஒருமுறை நாம் அறிந்துகொண்டமையாலேயே ஒவ்வொரு கதவும் அச்சத்தின் வாயிலாயிற்று. கடன் கொடுப்பவன் ஒரு பிணையை வாங்கிக்கொள்வதுபோல, நம் தவிப்பு அக்குருதியைப் பிணையாகப் பெற்றுக்கொண்டது. பிணை ஒருமுறை தரப்பட்டால் போதும். அதையே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டின் அது பிணையாகாது, வெறும் பண்டமாகிவிடும்.

இப்படத்தை 1998இல் கஸ் வான் சாந்த் ஏறத்தாழ ஒவ்வொரு காட்சித்துண்டையும் அவ்வாறே பின்பற்றி வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். குருதி செந்நிறம் பெற்றது; அச்சம் கூடவில்லை. திறனாய்வாளருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. கதை முன்னரே பலர்க்கும் தெரிந்திருந்தமையையும் காரணமாகக் கூறலாம். எனினும், நிறம் ஒன்றே அச்சத்தைக் கூட்டும் என்பார்க்கு அப்படம் சான்றாகாது.

தடையும் விடையும்

'ரிட்லி ஸ்காட் 1979இல் இயக்கிய ஏலியனில், உணவுமேசையருகே ஒருவன் மார்பைப் பிளந்துகொண்டு உயிரி வெளிப்படும் காட்சியன்றோ அனைவரும் நினைவுகூர்வது? அது குருதிக்காட்சி அன்றோ?' எனின், ஆம், அது குருதிக்காட்சியே. ஆயின் அதற்குப் பின் அவ்வுயிரி நெடும்பொழுது மறைவிலேயே உலவுகிறது. முழு உருவம் தோன்றும் நேரம் மிகச் சிறிது. முன்பு கண்டது பின்பு காணாததற்கு வலுவூட்டுகிறது. சைக்கோவின் முறையே இங்கும் அமைந்துள்ளது.

'டோப் ஹூப்பர் 1974இல் எடுத்த டெக்சாசு மரமறுப்புவாள் படுகொலை என்னும் படம் பெயராலேயே குருதி வடிப்பது. அதன் அச்சத்திற்குக் காரணம் என்னை?' எனின், அப்படத்தில் கண்ணுக்குத் தெரியும் குருதி பெயர் தரும் எதிர்பார்ப்பினும் மிகக் குறைவு என்பதே விடை. ஒலியும், அலறலும், தப்பமுடியாத வீட்டின் அமைப்பும் சேர்ந்து, காணாதவற்றைக் கண்டதாக நம்பவைக்கின்றன. குருதிமிக்க படமாகப் பலர் நினைவில் அது நிற்பதே தவிப்பின் வெற்றிக்குச் சான்று.

முடிவுரை

எது மிகுதியும் அஞ்சவைப்பது என்னும் வினாவிற்கு, இரண்டும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத்தக்கன அல்ல என்பதே முதல் விடை. தவிப்பு அச்சத்தை விளைக்கும். குருதிக்காட்சி தனித்து நின்றால் இளிவரலையும், சிலபொழுது நகையையும் விளைக்கும். குருதிக்காட்சி அச்சத்திற்குத் துணையாவது, அது வரவிருக்கும் தவிப்பிற்குப் பிணையாகும் அளவிலேயே என்பது இரண்டாவது விடை.

இவ்விரண்டினும் இன்றியமையாதது மற்றொன்று. அஞ்சுதற்கு ஒருவர் வேண்டும். மரியன் திருடியவள்தான், ஆயினும் அவள் மனமாறிய பின்னரே கொல்லப்பட்டாள் என்பதை நாம் அறிவோம். அவள் தங்கை அக்காளைத் தேடி வந்தவள் என்பதையும் அறிவோம். நம்மைப் போன்ற ஒருவர்க்காக அஞ்சுவதே அச்சம் என்று அரிஸ்டாட்டில் கூறியதன் பொருள் இதுவே. தவிப்பு நீளும் நேரமெல்லாம் ஓர் உயிர் இன்னும் பிழைத்தல் கூடும் என்னும் நசை நம்முள் இருக்கிறது. அந்நசை உள்ளவரையில் அவ்வுயிர் நமக்கு மனிதன். வெட்டுண்ட உடலை மட்டும் அடுத்தடுத்துக் காட்டும் கலை அந்நசையை ஒழித்துவிடுகிறது. காண்போன் உயிரை நோக்குவதை விட்டு வெட்டின் திறத்தை நோக்கப் பழகிவிடுகிறான். அப்பழக்கம் அரங்கோடு நின்றுவிடும் என்று நாம் உறுதியாக இருத்தல் இயலாது.

வகுப்பில் வினவிய மாணவர்க்கு அன்று விடைகூறக் காலம் போதவில்லை. அச்சமா இளிவரலா என்று ஐயுறும்போது, காட்சி முடிந்தபின் தம் நெஞ்சையே வினவிப் பார்க்கலாம் என்பது நாம் அவர்க்குக் கூற விரும்புவது. 'அவளுக்கு என்ன ஆயிற்றோ?' என்று நெஞ்சு இன்னும் கேட்டுக்கொண்டிருப்பின் அது அச்சம். 'நல்லவேளை, முடிந்தது' என்று ஆறுமாயின் அது பெரும்பாலும் இளிவரல். மெய்ப்பாட்டியல் பழைய இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. இருளில் ஒளிரும் திரையின்முன் அமர்ந்திருக்கும் நம்மையும் அது அறிந்து பேசுகிறது.